சிறு பிள்ளைகளோடு கனடாவின் பனிக்காலத்தையும் பண்டிகைகளையும் மகிழ்ந்து கழிக்க: தாய்மாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்ராறியோவில் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பியதும், சிறு பிள்ளைகளோடு வீட்டிலிருக்கும் தாய்மாரின் பகல் சட்டென்று சுருங்கிவிடுகிறது. டிசம்பர் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் சூரியன் காலை ஏழே முக்கால் மணியளவில் எழுந்து, மாலை நாலே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடும். பகல் என்று நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்பது மணி நேரமே. கார்த்திகை விளக்கீடு, கிறிஸ்மஸ், பள்ளிகளின் இரண்டு வார விடுமுறை, புத்தாண்டு, தைப்பொங்கல் ஆகிய அனைத்தும் இந்த இருண்ட வாரங்களுக்குள்ளேயே அடுக்கடுக்காக வந்து விழுகின்றன.

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்த் தாய்மாருக்காக, ரொறன்ரோவையும் அதை அண்டிய நகரங்களையும் மனத்திற்கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பிள்ளையை எப்படி மகிழ்விப்பது என்பதற்கு ஆலோசனைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு வீட்டில் பனிக்காலம் இனிதாகக் கழிவது பெரும்பாலும் தாயின் நிலையைப் பொறுத்தது என்பதே என் உறுதியான எண்ணம். அவள் குளிரில் நடுங்காமல் இருக்க வேண்டும், பேச்சுத்துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும், எல்லா அழைப்புகளுக்கும் போயே ஆக வேண்டும் என்ற பாரம் அவள் தலையில் இருக்கக் கூடாது. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த மூன்றையும் முன்வைத்தே அமைந்தவை.

முதற்படி: ஒக்டோபரிலேயே உடுப்பு, தாயினுடையதிலிருந்து தொடக்கம்

பிள்ளைக்கு நல்ல பனியுடை வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்குப் பழைய மெல்லிய ஜக்கெற்றே போதும் என்று இருந்துவிடும் தாய்மாரை ஒவ்வொரு பூங்காவிலும் காணலாம். பிள்ளை ஓடியாடி உருள்வதால் அதன் உடல் தானாகவே சூடாகிறது. ஓரிடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்குத்தான் குளிர் எலும்பு வரை இறங்குகிறது. பத்தே நிமிடத்தில் "வா, வீட்டை போவம்" என்று அவள் கூப்பிட, பிள்ளை வரமாட்டேன் என்று அழ, இருவருக்கும் அன்றைய நாள் கெட்டுவிடுகிறது. ஆகவே வீட்டுச் செலவுத் திட்டத்தில் முதலிடம் தாயின் உடுப்புக்கே இருக்கட்டும்: தொடையை மூடும் நீளமுள்ள காற்றுப் புகாத குளிரங்கி, நீர் புகாத, வழுக்காத அடியுள்ள சப்பாத்து, காதை மூடும் தொப்பி, பனியில் மண்டியிட்டு உட்கார உதவும் பனிக் காற்சட்டை. இவற்றுள் கடைசியாகச் சொன்னதைப் பெரியவர்கள் பலர் தேவையற்றது என்று எண்ணுகிறார்கள். ஆனால் பிள்ளையோடு பனியில் உட்கார்ந்து விளையாட முடிந்த தாய் வேறு, நின்றபடி பார்த்துக்கொண்டிருக்கும் தாய் வேறு.

பிள்ளைக்கு மூன்று அடுக்கு போதுமானது. உடலை ஒட்டிய முதல் அடுக்கு கம்பளி நூலாலோ பொலியெஸ்ரராலோ ஆனதாக இருக்க வேண்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிரச் செய்யும் என்பதால் நமக்குப் பழகிய பருத்திப் பெனியன் இங்கே உதவாது. அதன் மேல் பிளீஸ் துணியாலான ஒரு சட்டை, அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத பனியுடை. விரல்கள் தனித்தனியாகப் பிரியும் கையுறையைவிட நான்கு விரல்களும் சேர்ந்திருக்கும் கையுறையே சிறு பிள்ளைகளுக்குச் சூட்டைத் தரும். ஒன்று நனைந்தால் மாற்றுவதற்கு இரண்டு சோடி வைத்திருங்கள். சப்பாத்துக்குள் தடித்த காலுறையோடு விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும், ஏனெனில் இறுக்கமான சப்பாத்து இரத்தவோட்டத்தைக் குறைத்துக் காலை மேலும் குளிரச் செய்கிறது. நீண்ட கழுத்துத் துண்டும் தொங்கும் கயிறுகளும் விளையாட்டுச் சாதனங்களில் சிக்கிக் கழுத்தை நெரிக்கக்கூடியவை. அவற்றுக்குப் பதிலாகத் தலைவழியே மாட்டும் கழுத்துறை வாங்குங்கள். கைக்குழந்தைக்கு, நீங்கள் அணிந்திருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தால் போதும். கை விரல்களைத் தொட்டுப் பார்த்துக் குழந்தைக்குக் குளிர்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பார்த்து, அது சூடாகவும் உலர்ந்தும் இருந்தால் உடுப்பு சரியாக இருக்கிறது, ஈரமாக இருந்தால் கூடிவிட்டது என்று கொள்ளலாம்.

பிள்ளைகள் ஓராண்டில் வளர்ந்துவிடுவதால், பனியுடைகள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே பழைய உடுப்புக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அங்கே வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் தலைக்கவசமும் காரின் பிள்ளை இருக்கையும் விபத்தில் சிக்கியவையா என்று வெளியிலிருந்து தெரியாது. அவற்றை மட்டும் முன்பின் தெரியாதவர்களிடம் வாங்க வேண்டாம்.

காரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இது உயிர் தொடர்பானது. தடித்த பனியுடையோடு பிள்ளையை இருக்கையில் உட்காரவைத்துப் பட்டியைப் பூட்டினால், பட்டி இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். மோதலின்போது உடுப்பின் பஞ்சு அமுங்கி, பட்டிக்கும் உடலுக்கும் இடையே இடைவெளி உண்டாகிப் பிள்ளை நழுவிவிடக்கூடும். மெல்லிய உடுப்போடு பட்டியைப் பூட்டி, தோளருகே பட்டியை விரல்களால் கிள்ள முடியாத அளவுக்கு இறுக்கிய பின், குளிரங்கியை மேலே முன்புறமாகப் போர்த்திவிடுங்கள்.

இரண்டாம் படி: வாசலை ஒழுங்குபடுத்துதல்

வெளியே போவதற்கான தயக்கத்தில் பாதி, உடுப்பைத் தேடுவதிலேயே பிறக்கிறது. வாசலில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கொக்கி, ஈரச் சப்பாத்துக்கு ஒரு தட்டு, தொப்பிக்கும் கையுறைக்கும் ஒரு கூடை ஆகியவை இருந்தால் போதும். படுக்கப் போகுமுன் எல்லாம் உலர்ந்து கூடையில் இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

உடுத்தும் ஒழுங்கையும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் கழிப்பறை, பின்னர் பனிக் காற்சட்டை, சப்பாத்து, ஜக்கெற், கழுத்துறை, தொப்பி, இறுதியில் கையுறை. நீங்கள் முழுவதும் உடுத்திய பிறகே பிள்ளைக்கு உடுத்தத் தொடங்கினால், அது சூடான வீட்டுக்குள் வியர்த்து அடம்பிடிக்கும் நேரம் குறையும். மூன்று வயதளவில் பிள்ளை தானே ஜக்கெற் போடப் பழகலாம். ஜக்கெற்றை விரித்து உட்புறம் மேலே தெரிய நிலத்தில் வைத்து, கழுத்துப் பக்கம் பிள்ளையின் காலடியில் இருக்கும்படி நிற்கவிடுங்கள். பிள்ளை குனிந்து இரு கைகளையும் விட்டுத் தலைக்கு மேலாகத் தூக்கினால் உடுப்பு தானாகவே முதுகில் விழுந்துவிடும்.

மூன்றாம் படி: ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் வெளியே

நாள்தோறும் வெளியே போவதை ஒரு தீர்மானமாக வைத்துக்கொள்ளாமல், காலையுணவுக்குப் பிறகு இயல்பாக நடக்கும் வேலையாக ஆக்கிவிடுங்கள். காலை பத்து மணி தொடக்கம் பகல் பன்னிரண்டு மணிவரை வெளிச்சமும் இருக்கும், பிள்ளைக்கு உற்சாகமும் இருக்கும். அரை மணி நேரம் போதும். மிகக் குளிரான நாளில் பதினைந்து நிமிடமும் நல்லதுதான். அந்த நேரத்தில் பிள்ளைக்குக் கிடைக்கும் ஓட்டமும் தாயின் கண்ணுக்குக் கிடைக்கும் பகல் வெளிச்சமும் மாலையில் இருவருடைய மனநிலையிலும் தெரியும்.

எப்போது வெளியே போகக் கூடாது என்பதற்குத் தெளிவான அளவு உண்டு. வெப்பநிலை −25 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினாலோ, காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணிக்கும் காற்றுக் குளிர்ச் சுட்டெண் −28ஐத் தொட்டாலோ பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்கும்படி கனடியக் குழந்தை மருத்துவர் சங்கம் கூறுகிறது. அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையத் தொடங்கலாம். ரொறன்ரோவில் அத்தகைய நாட்கள் சிலவே. மற்ற நாட்கள் நமக்கு உரியவை. கன்னம், மூக்கு நுனி, காது, விரல் ஆகியவற்றில் தோல் வெளுத்து மெழுகுபோலத் தெரிந்தாலோ, மரத்துப்போனதாகப் பிள்ளை சொன்னாலோ உடனே உள்ளே கொண்டுவாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்கவோ பனியை வைக்கவோ கூடாது. உங்கள் உள்ளங்கையால் அல்லது அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். தோலின் நிறமும் உணர்வும் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வெளியே என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டியதில்லை, பனியே போதுமான விளையாட்டுப் பொருள். மணல் விளையாட்டுக்கு வாங்கிய வாளியையும் சிறு மண்வெட்டியையும் ஒளித்து வைக்காமல் எடுத்து வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு பனிக்கோலம்: மூடியில் துளையிட்ட போத்தலில் தண்ணீரும் சமையல் நிறமும் கலந்து, பின்வளவில் புதிதாகப் படிந்த பனியின் மேல் நீங்கள் புள்ளி வைத்துக் கொடுக்க, பிள்ளை கோடு இழுக்கட்டும். கோலமாவு பிடிக்கப் பழகாத பிஞ்சுக் கைகளுக்கு இது எளிது, கோணலாகப் போனாலும் மறுநாள் புதுப்பனி வந்து மூடிவிடும். இலையுதிர்ந்த மரங்களில் பறவைகளைக் காண்பதும் இந்தக் காலத்தில்தான் எளிது. செந்நிறக் கார்டினல் குருவி ஆண்டு முழுவதும் இங்கேயே தங்குவது, வெண்பனியின் நடுவே அதைக் கண்டுபிடிக்க இரண்டு வயதுப் பிள்ளையாலும் முடியும்.

பனிச்சறுக்குப் பலகைக்கு மரமும் வேலியும் வீதியும் அருகில் இல்லாத, சறுக்கத் தடை அறிவிப்பு வைக்கப்படாத மேட்டைத் தேர்ந்தெடுங்கள். உட்கார்ந்து கால் முன்னே இருக்கும்படி சறுக்க வேண்டும்; தலைக்கவசம் கட்டாயம்; ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒருபோதும் தனியாகச் சறுக்கக் கூடாது. சறுக்குச் சப்பாத்தோடு சறுக்க (ஸ்கேற்றிங்) விரும்பினால், ரொறன்ரோ நகராட்சி நடத்தும் திறந்தவெளிப் பனித்தளங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நகர மண்டபத்தின் முன்னுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கம் பெயர்பெற்றது என்றாலும், ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு அல்பேர்ட் கம்பல் சதுக்கம் அருகாமையில் உள்ளது. வீதியோரத்தில் பனியகற்றும் வண்டி ஒதுக்கிய குவியல்களில் ஏறவும் குகை தோண்டவும் எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள். உள்ளே இருப்பவரை வண்டி ஓட்டுநருக்குத் தெரியாது. குகை சரிந்தால் மூச்சுத் திணறும்.

நான்காம் படி: இருட்டிய பின் வரும் மணித்தியாலங்கள்

தாய்மாரைக் களைக்கவைப்பது பெரும்பாலும் மாலை நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடைப்பட்ட பொழுதுதான். வெளியே இருட்டு, உள்ளே சமையல், பிள்ளைக்குப் பசியும் தூக்கமும் ஒன்றாக வரும் நேரம். இரவுணவைக் காலையிலேயே பாதி முடித்து வைத்து, இந்தப் பொழுதை விடுவித்துக்கொள்வதே நான் கண்டவற்றுள் சிறந்த வழி. புட்டுக்கு மாவைப் பிசைய, இடியப்பத்தைத் தட்டில் அடுக்க, கொழுக்கட்டைக்கு உருண்டை பிடிக்கப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; விளையாட்டு மாவைவிட அரிசி மாவில் அது நெடுநேரம் தங்கும். நாலரை மணிக்கே குளிப்பாட்டிவிடுவதும் தவறில்லை. ஆனால் நீண்ட நேரச் சுடுநீர்க் குளியல், வெப்பமூட்டியால் ஏற்கெனவே உலர்ந்திருக்கும் தோலை மேலும் உலர்த்தும். சுருக்கமாகக் குளிப்பாட்டி, ஈரம் முழுவதும் போகுமுன் வாசனையற்ற களிம்பைத் தடவுங்கள்.

பகலில் வீட்டைவிட்டு வெளியேற, ஆனால் குளிரில் நிற்காமலிருக்க, இந்த மாகாணத்தில் தாராளமான வசதி உண்டு. நம்மவர் பலர் அதை முழுவதும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தமே. பிறப்பு முதல் ஆறு வயதுவரையான பிள்ளைகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் ஒன்ராறியோ அரசின் ஏர்லிஓன் நிலையங்கள் கட்டணமின்றி நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. தாய் மட்டுமன்றி, பேரப்பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மாவும் அப்பப்பாவும் அங்கே போகலாம். ரொறன்ரோ பொது நூலகத்தின் 100 கிளைகளில் கதை நேரமும் பாட்டு நேரமும் இலவசம். பல கிளைகளில் தமிழ்ப் பிள்ளை நூல்களும் கிடைக்கின்றன. எற்ரோபிக்கோவிலுள்ள சென்ரெனியல் பூங்காக் கண்ணாடித் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை; வெளியே உறைபனி இருக்க, உள்ளே வெப்ப நாட்டுச் செடிகளுக்கு நடுவே ஈரமான காற்றைச் சுவாசிக்கும்போது ஊரில் வளர்ந்த எவருக்கும் மனம் இளகும். ஸ்காபரோவில் உள்ள ரொறன்ரோ விலங்குக் காட்சிச்சாலை பனிக்காலத்திலும் திறந்திருக்கும். அதன் ஆபிரிக்க மழைக்காட்டுக் கூடமும் இந்தோ-மலாயக் கூடமும் சூடானவை.

ஐந்தாம் படி: நோய்க்கு முன்னேற்பாடு

டிசம்பரில் இருமலும் சளியும் இல்லாத வீடு அரிது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் இன்புளுவென்சாக் காய்ச்சலுக்கான (flu) தடுப்பூசி போடலாம். ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் முதன்முறை போடும்போது குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும் என்பதால், பண்டிகைக்கு முன் முடிக்க விரும்பினால் ஒக்டோபர் கடைசியிலேயே தொடங்குங்கள். தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு நாள்தோறும் 400 அலகு விற்றமின் டி சொட்டு மருந்தாகக் கொடுக்குமாறு கனடாவின் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது.

கடையில் கிடைக்கும் இருமல், தடிமன் மருந்துகளை ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். இதைச் சேனை வைக்கும் வழக்கமுள்ள பெரியவர்களிடம் மரியாதையோடு, ஆனால் உறுதியாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வளர்ந்த பிள்ளைக்கு வேர்க்கொம்பு குறைத்து வைத்த மல்லித்தண்ணீரும், மிளகு குறைத்த இரசமும் தொண்டைக்கு இதமாக இருக்கும். இரவில் குழந்தைக்குக் குளிரும் என்று தொட்டிலில் போர்வையைச் சேர்க்காமல், உறக்கப் பை போட்டுவிடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடல் வெப்பம் 38 பாகையை எட்டினால் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும். மற்ற ஐயங்களுக்கு 811 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைத்துத் தாதியோடு பேசலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கவும் முடியும்.

ஆறாம் படி: பண்டிகைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தல்

நவம்பர் நடுப்பகுதியில் கணவன் மனைவி இருவரும் நாட்காட்டியோடு உட்கார்ந்து, இந்தப் பருவத்தில் வீட்டில் மனமாரக் கொண்டாடப் போகும் நாட்கள் எவை என்று முடிவு செய்யுங்கள். மூன்றைத் தாண்ட வேண்டாம் என்பது என் ஆலோசனை. மற்றவற்றுக்கு வசதிப்பட்டால் போகலாம், போகாவிட்டால் வருத்தம் தெரிவிக்கலாம். நான்கு வயதுப் பிள்ளை பத்து விருந்துகளுக்குப் போய்வந்ததை நினைவில் வைத்திருக்காது. தன் கையால் ஏற்றிய ஒரு விளக்கை வைத்திருக்கும்.

அந்த விளக்குக்கு உரிய நாள் கார்த்திகை விளக்கீடு. நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும் இந்த நாள், இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் சிறு பிள்ளைகளுக்கு ஊரைவிட இசைவாகவே அமைந்திருக்கிறது. உறங்கும் நேரத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்து வாசலில் வாழைக்குற்றி நட்டு அதன் மேல் சிட்டி விளக்கு வைப்பார்கள். இங்கே பனிக்கட்டியாலேயே விளக்குக் கூடு செய்யலாம். ஒரு பெரிய பிளாஸ்ரிக் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, அதன் நடுவே கல் இட்ட சிறு கிண்ணத்தை மிதக்கவிட்டு, உறைபெட்டியில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் இரண்டு கிண்ணங்களையும் கழற்றினால் நடுவே குழியுள்ள பனிக்கட்டிக் கூடு கிடைக்கும். அதில் விளக்கை வைத்து வாசற்படியில் வைத்தால், ஒளி கண்ணாடிக்குள்ளிருந்து வருவதுபோலப் பரவும். சுடருக்குப் பதில் மின்கல விளக்கு வைப்பவர்கள், அதன் அடிமூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான் மின்கலத்தைப் பிள்ளை விழுங்கினால் சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் புண்ணாகி உயிருக்கே ஆபத்தாகும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகளிலும் இதே மின்கலம்தான் இருக்கிறது.

கிறிஸ்மஸ் கொண்டாடாத வீட்டுப் பிள்ளையும் பாலர் பள்ளியில் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கும். விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. 1905ஆம் ஆண்டு தொடங்கிய ரொறன்ரோவின் கிறிஸ்மஸ் தாத்தா ஊர்வலம் நவம்பரில் நடக்கும். வீதியோரத்தில் நின்று கட்டணமின்றிப் பார்க்கலாம். எச்0எச் 0எச்0 (H0H 0H0) என்ற அஞ்சற் குறியீட்டுக்குப் பிள்ளை எழுதும் கடிதத்துக்கு முத்திரை ஒட்டத் தேவையில்லை. டிசம்பர் தொடக்கத்துக்குள், வீட்டு முகவரியைத் தெளிவாக எழுதி அனுப்பினால், கனடா அஞ்சல் சேவை வழியாகக் கிறிஸ்மஸ் தாத்தாவின் மறுமொழி வரும். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும். மரம் வைப்பவர்கள் கீழ்க்கிளைகளில் உடையாத அலங்காரங்களையே தொங்கவிடுங்கள். பரிசு என்ன வேண்டும் என்று மாமாமாரும் சித்திமாரும் கேட்கும்போது, "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லி இன்னொரு பெரிய பொம்மையைப் பெற்றுக்கொள்வதைவிட, சறுக்குப் பலகை, கையுறை, விலங்குக் காட்சிச்சாலை ஆண்டு அனுமதி என்று பெயர் சொல்லிக் கேட்பது இருபக்கத்துக்கும் உதவி.

மண்டப விருந்துகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அழைப்பிதழில் ஆறரை மணி என்று இருந்தாலும் சாப்பாடு ஒன்பதரைக்கு முன் வராது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். பிள்ளைக்கு வீட்டிலேயே இரவுணவைக் கொடுத்து, உறக்க உடுப்பையும் பையில் எடுத்துப்போய், எட்டரைக்குப் புறப்படுவோம் என்பதை விருந்து வைப்பவரிடம் முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். "இப்பதானே வந்தனீங்கள்" என்று வாசலில் மறிக்கும் பெரியம்மாவுக்கு "பிள்ளைக்கு நித்திரை வந்திட்டுது பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாறம்" என்று சொன்னால் மனத்தாங்கல் வராது. சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை போகவும் வேண்டும். மேசையில் இருக்கும் முழுக் கச்சான், முழு முந்திரிப்பருப்பு, மிக்ஸர், வெட்டாத திராட்சை ஆகியவை நான்கு வயதுக்கு உட்பட்டோரின் தொண்டையில் சிக்கக்கூடியவை.

தைப்பொங்கலுக்கு இந்த நாடு தரும் ஒரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. ஜனவரி நடுப்பகுதியில் இங்கே சூரியன் எழுவது ஏழே முக்கால் மணிக்குப் பிறகே என்பதால், பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி வருத்தாமல், அது இயல்பாக எழும் நேரத்திலேயே உதய வேளைப் பொங்கலை வைக்கலாம். முதல் நாள் இரவே அரிசியையும் பயறையும் அளந்து, சர்க்கரையை இடித்து, கோலத்தை வாசலின் உட்புறத்தில் போட்டு வையுங்கள். கிழக்குப் பார்த்த யன்னலருகே ஒரு சிறு மேசையில் நிறைகுடமும் விளக்கும் கரும்பும் வைத்து, அடுப்பிலிருந்து இரண்டு பெரிய எட்டு தள்ளி நிலத்தில் ஒரு கோடு போட்டு, பால் பொங்கும்போது அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கூவுவது பிள்ளையின் வேலை என்று ஒப்படையுங்கள். வேலைக்கும் பாலர் பள்ளிக்கும் நேரம் இடம்தராவிட்டால், அடுத்த சனிக்கிழமை பொங்குவதில் மனம் குறைய வேண்டியதில்லை. ஆனால் ஊரில்போலத் திறந்த அடுப்பில் பொங்கும் ஆசையில், கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ வாகனக் கொட்டிலுக்குள் மூட்டுவதை எக்காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் மணமும் நிறமும் அற்ற காபன் மோனொக்சைட்டு வாயு வீட்டுக்குள் பரவிக் குடும்பத்தையே மயக்கிவிடக்கூடும். முற்றத்தின் திறந்தவெளியில், சுவரிலிருந்து விலகி மூட்டுவதே சரி.

ஜனவரி தமிழ் மரபுத் திங்களும் ஆகும். 2014இல் ஒன்ராறியோச் சட்டமன்றமும், 2016இல் கனடாவின் நாடாளுமன்றமும் அதை ஏற்றுக்கொண்டன. பாலர் பள்ளி ஆசிரியரிடம் பேசி, ஒரு காலையில் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோலம் போடக் காட்டிக்கொடுக்க முன்வாருங்கள். தன் தாய் வகுப்பின் நடுவே உட்கார்ந்திருக்க, மற்றப் பிள்ளைகள் சூழ்ந்து நிற்பதைக் காணும் பிள்ளையின் பெருமிதத்தை எந்த மண்டப விழாவும் தராது.

ஏழாம் படி: தாயின் மனத்துக்கும் உடலுக்கும்

மகப்பேற்று விடுப்பில் இருக்கும் தாய், வேலை நாள் முழுவதும் தன் வயதை ஒத்த ஒருவரோடும் பேசாமல் கழிப்பது பனிக்காலத்தில் மிக எளிதாக நிகழ்ந்துவிடுகிறது. அருகில் உள்ள ஒரு தாயோடு வாரத்தில் ஒரு குறித்த நாள், குறித்த நேரம் என்று சந்திப்பை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தால் அது நடக்காது. வீடு கூட்டியிருக்க வேண்டியதில்லை, தேநீரும் பிஸ்கற்றும் போதும். கணவரிடம் "உதவி செய்யுங்கோ" என்று பொதுவாகக் கேட்பதற்குப் பதிலாக, சனிக்கிழமை காலையில் பிள்ளையைப் பனிக்குள் கொண்டுபோவது அவருடைய பொறுப்பு என்று பிரித்துக் கொடுங்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் துணி மடிக்காமல் உறங்குங்கள். வீட்டிலிருக்கும் அம்மம்மா வழுக்கி விழுவோம் என்ற பயத்தில் மார்ச் வரை கதவைத் தாண்டாமல் இருக்கக்கூடும். சப்பாத்தின் அடியில் மாட்டும் பற்களுள்ள இரப்பர்ப் பட்டி ஒரு சோடி வாங்கிக் கொடுத்தால், பேரப்பிள்ளையோடு வீதிமுனை வரையாவது அவர் நடப்பார், உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

களைப்பு வேறு, மனச்சோர்வு வேறு. இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் கனத்தே இருந்தாலோ, பிள்ளை உறங்கும்போதும் உங்களுக்கு உறக்கம் வராவிட்டாலோ, பிள்ளையின் மேல் எந்த உணர்வும் எழாவிட்டாலோ, அது உங்கள் குணக்குறை அன்று. சிகிச்சையால் தீரும் நோய். குடும்ப மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்ற அச்சமோ வந்தால், பகலும் இரவும் இயங்கும் 988 என்ற இலக்கத்தை உடனே அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911. "பெத்தவளுக்கு இதெல்லாம் சகசம்" என்று சுற்றத்தார் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம்.

எட்டாம் படி: பொங்கலுக்குப் பின் மீந்திருக்கும் குளிர்

பண்டிகைகள் முடிந்த பின்னும் பனி ஏறத்தாழ இரண்டு மாதம் நீடிக்கும். இந்தப் பகுதிக்காக எதையாவது முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்: கிறிஸ்மசுக்கு வந்த பரிசுகளில் பாதியைப் பிரிக்காமல் பெப்ரவரிக்கு எடுத்து வைக்கலாம், பெப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை வரும் குடும்ப நாள் விடுமுறையில் தாத்தா பாட்டி எல்லோரோடும் ஒரு சறுக்கு மேட்டுக்குப் போகலாம். மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் முன்னே நகர்ந்ததும் மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதற்குள் கடைகளில் பனியுடைகள் பாதி விலைக்கு இறங்கிவிடும். பிள்ளையின் இப்போதைய அளவைவிட ஓர் அளவு பெரிதாகவும், சப்பாத்தை இரண்டு அளவு பெரிதாகவும் பார்த்து, அடுத்த நவம்பருக்கு உரியதை அப்போதே வாங்கி, உறையின் மேல் பிள்ளையின் பெயரையும் அளவையும் எழுதி அலுமாரியின் மேற்தட்டில் வையுங்கள்.